எட்டாவது குரல்

மாலை நான்கு மணி. ஆள் நடமாட்டமே இல்லாத நெடுஞ்சாலை. ஒரே ஒரு வேன்... அதில் ஏழு பேர்.

என் தோழியின் அத்தைக்கு நடந்தது இது. சிரிக்காமல் கேளுங்கள். அத்தை புவியியல் டீச்சர். புயலைப் புத்தகத்தில் காட்டினால் போதாது, நேரில் போய் அளந்து பார்க்க வேண்டும் என்று ஆறு ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. டிரைவரோடு ஏழு. அதில் எல்லாரும் 'குட்டி டீச்சர்' என்று கூப்பிடுகிறவள்தான் சின்னவள், வேலைக்கு வந்து மூன்றே மாதம். "உங்கள நம்பித்தான் அனுப்புறேன், பத்திரமா கூட்டிட்டு வந்துடுங்க" என்று அவள் அம்மா அத்தையின் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள்.

அளக்கப் போனவர்களைக் காற்று துரத்த ஆரம்பித்தது. சாலையோரம், தரைக்கடியில் ஒரு கான்கிரீட் பதுங்கு அறை. விழுந்தடித்து இறங்கினார்கள். டிரைவர் இரும்புக் கதவை இழுத்துத் தாழ் போட்டார். கும்மிருட்டு. காது அடைத்தது. ஈரச் சுண்ணாம்பு வாடை... காற்று விட்டால்தான் இனி வெளியே.

மாணவர்களைச் சுற்றுலா கூட்டிப் போன பழக்கம் அத்தைக்கு. "வரிசையா நம்பர் சொல்லுங்க. ஒண்ணு!"

ஒவ்வொரு குரலாக வந்தது. அத்தையின் கையைப் பிடித்தபடி குட்டி டீச்சர் கடைசியாக, "ஏழு."

அப்புறம்... மூலையிலிருந்து, "எட்டு."

யாரோ சிரித்தார்கள். மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் எட்டு. அத்தை பயத்தைக் காட்டிக்கொள்ளாமல், வகுப்பில் போடுகிற அதே அதட்டலைப் போட்டாள்.

"ஏழு பேருதான் வந்தோம். எட்டுன்னு இனி ஒரு சத்தம் வரக் கூடாது!"

மூன்றாம் தடவை. ஆறு வரை சரி. பிறகு அமைதி... குட்டி டீச்சரின் விரல்கள் அத்தையின் கையிலிருந்து மெல்ல நழுவின.

"ஏழு." மூலையிலிருந்து.

அதற்குமேல் குரல் இல்லை. கணக்குச் சரி. அப்பாடா என்றுதான் அத்தைக்கு முதலில் இருந்தது.

காற்று அடங்கியது. இருட்டில் படியேறும்போது சில்லென்று ஒரு கை அத்தையின் கைக்குள் புகுந்தது. வேனில் தலைகளை எண்ணினாள். ஏழு. குட்டி டீச்சர் வழியெல்லாம் வாயே திறக்கவில்லை. பயந்திருப்பாள், பாவம். அத்தையே அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டாள்.

"என்னடி, உடம்பெல்லாம் இப்படி ஜில்லுனு இருக்கு?" என்று அம்மா அவளை உள்ளே அழைத்துப் போனாள்.

மறுநாள் காலை டிரைவரின் போன். பதுங்கு அறையில் விட்டுவந்த, காற்றை அளக்கும் கருவியை எடுக்கப் போயிருந்தார்.

"டீச்சர்... கதவு உள்பக்கமா தாழ் போட்டிருக்கு. என்ன இழுத்தும் வரல. உள்ள நம்ம குட்டி டீச்சர் அழுறாங்க... 'எட்டு... டீச்சர், எட்டு'ன்னு சொல்லிட்டே இருக்காங்க."