பிரஷரை ஏற்றியது யார்?

கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பும் கணவனும் மனைவியும் ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். றொசல்ல ஸ்டேஷன் தாண்டியதும் அவள் கேட்டாள்.

“ஏங்க, ஒங்க பிரஷருக்குப் பெரிய டாக்டரு என்னதான் சொன்னாரு?”

“கிட்னிக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கிப் போச்சாம் புள்ள. நம்ம லயத்து வீட்டுப் பீலிக் குழாயில தண்ணி கொறஞ்சா, தோட்டத்துக்கே தண்ணியில்லன்னு நீ கத்துவியே, அந்த மாதிரிதான். தனக்கு ரத்தம் வரலன்னதும், ஒடம்புக்கே ரத்தம் பத்தலன்னு நெனச்சு கிட்னிதான் பிரஷர ஏத்திவிடுதாம். ஆப்பரேசன் பண்ணுனா சரியாயிருமாம்.”

“அப்ப, என் வாயால ஏறல?”

“இல்லையாம்.”

“லயம் பூரா அப்படித்தானே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க! நானும் தீவாளியிலருந்து வாயத் தொறக்காமக் கெடந்தேனே!”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். நான் ஹட்டனில் இறங்கும்போது அவள் தீபாவளி அன்று பேசாமல் விட்டதைத்தான் பேசிக்கொண்டிருந்தாள். பொங்கலன்று பேசாமல் விட்டதற்கு இன்னும் வரவில்லை.