சஹர் நேரத்துச் சீசா

— “1944 செப்டம்பர் 5. காயல்பட்டினத்தில் இன்று ஒரு சிறு பிழை செய்தேன். நோன்பு மாதம் என்பதை நினையாமல், பிற்பகல் அஸர் தொழுகை நேரத்தில் போய்த் தெருவில் உள்ளவர்களிடம் நீர் வாங்கிச் சோதித்தேன். எல்லாம் நீலமாகவே நின்றன. ஒருவருக்கும் சர்க்கரை இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். திரும்பும் பஸ்ஸில்தான் தோன்றியது: விடியுமுன் சஹர் உணவு உண்டவர்கள் அதற்குப் பின் ஒரு பருக்கை தொட்டிருக்க மாட்டார்கள். பட்டினி வயிற்றின் நீரில் சர்க்கரையைத் தேடியிருக்கிறேன்.” இம்புட்டுத்தான் எழுதிருக்கேன், பெரியம்மா.

— அட ரப்பே! எங்க மூத்திரத்தக் காய்ச்சுனத இவ்வளவு அழகா எழுதிருக்கியே தம்பி. ஏளா ரஹ்மத்து, உள்ள கேட்டியா?

— கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், ஜெய்னம்பு ராத்தா.

— சிரிக்காதீங்க பெரியம்மா. ராத்திரிப் பள்ளிக்கூடத்து வாத்தியார் அன்னன்னைக்கு நடந்தத உள்ளபடி எழுதச் சொல்லுதார். மறுபடியும் எதுக்குலே வந்தேன்னு கேட்டீங்க. அதுக்குப் பதில் இதுலயே இருக்குதேன்னு படிச்சேன்.

— தெருப் பிள்ளைக ஒனக்கு என்ன பேரு வச்சிருக்குன்னு தெரியுமா?

— மூத்திரக்காரத் தம்பி. பஸ்ஸ விட்டு எறங்கும்போதே கூப்புட்டாங்க. சங்கரபாண்டியன்னு வீட்டுல வச்ச பேரும் ஒண்ணு இருக்கு.

— அது வாயில நுழைய நேரமாகும்.

— ராத்தா, அந்தத் தம்பிய வெயில்ல நிக்க வச்சுப் பேசாதீஹ. கதவுக்கு இந்தப் பக்கம் சீசா வச்சிருக்கேன். எடுத்துக் குடுங்க.

— குடு. எனக்குன்னு வாய்ச்ச வேலையப் பாத்தியா! நோம்பும் அதுவுமா வீடு வீடாச் சீசா தூக்குதேன். இந்தா தம்பி, பிடி. ரஹ்மத்து மாப்பிள்ள ஈஸா தண்டலோட சீசா.

— தண்டல் வீட்டுல இல்லையா, அக்கா?

— தூத்துக்குடிக்குப் போயிட்டாஹ, ராத்திரிதான் வருவாஹ. நீங்க வந்த பஸ்ஸு திரும்பிப் போச்சுல்ல, அதுல. கொழும்புக்குச் சரக்கு ஏத்துற நாளாம். தோணிய ஓட்டுற தண்டலு பக்கத்துல நிக்கலைன்னா மொதலாளி ஏசுவாஹளாம்.

— அந்தப் புண்ணுக் காலோடயா போனாரு?

— அந்தக் காலோடதான். செருப்பு நுழையல. துணியச் சுத்திக்கிட்டு நடந்து போறாஹ. நான் என்னத்தச் சொல்ல. சொல்லிச் சொல்லி ஓஞ்சு போனேன்.

— பெருவிரலு ஓரமெல்லாம் கறுத்துப் போச்சு தம்பி. நான் கண்ணால பாத்தேன். அந்த மனுசன் கிட்ட வந்து நின்னா வாடை அடிக்குது. அத்தர் பூசி மறைக்கிறாரு.

— ராத்தா!

— உண்மையச் சொன்னா ஏன் கோவப்படுத? நீ கட்டு மாத்துறதுக்குள்ள எத்தன தரம் மூக்கப் பொத்துத?

— நான் ஒரு நாளும் பொத்துனதில்ல.

— சரி, சரி, விடுங்க. அக்கா, எதுக்கும் இன்னொரு தரம் கேட்டுக்கிடுதேன். இது சஹர் சாப்பாட்டுக்குப் பெறகு எடுத்ததுதானே?

— சஹருக்குச் சோறும் வாழப்பழமும் தின்னு, சுபுஹு தொழுது முடிச்ச பெறகு எடுத்தது.

— வேற எதோடயும் கலக்கலையே? சீசாவக் கழுவிட்டுத்தானே பிடிச்சீங்க?

— என்ன தம்பி, கோர்ட்டுல கேக்குற மாதிரி கேக்குதீஹ.

— கோவிச்சுக்காதீங்க. ஒரு தரம் தப்பாப் போச்சு. மறுபடியும் தப்பாப் போனா எனக்கே என்மேல நம்பிக்கை இருக்காது. பெரியம்மா, காத்தடிக்குது. கொஞ்சம் இந்தப் பக்கமா நின்னு மறைங்க. விளக்கு அணைஞ்சிட்டா மறுபடி பத்த வைக்கத் தீக்குச்சி கம்மி.

— சண்டை வந்தாலும் வந்துது, தீக்குச்சி கூட மிஞ்சல. அந்த நீலத் தண்ணி என்ன?

— மருந்து. இத ஊத்தி, மேல சொட்டுச் சொட்டா நீர விட்டுக் கொதிக்க விடணும். சர்க்கரை இல்லைன்னா நீலமாவே நிக்கும். இருந்தா பச்சையாகும், பெறகு மஞ்சளாகும். நிறைய இருந்தா செங்கப்பொடி மாதிரி செவக்கும்.

— அந்தக் காலத்துல எறும்பு வந்து மொய்க்குதான்னு பாப்பாஹ. அதுக்கு நெருப்பும் வேண்டாம், பஸ்ஸுக்குத் துட்டும் வேண்டாம்.

— எறும்பச் சாட்சி வச்சு எழுதுனா, மெட்ராஸ்லேருந்து வந்து என்ன இந்த வேலைக்கு வச்சிருக்கிற டாக்டரு ஒத்துக்க மாட்டார், பெரியம்மா. இந்தக் கடக்கரையில எத்தன பேருக்கு நீரிழிவு இருக்குன்னு அவர் எழுதி அனுப்புனாத்தான் மேலேருந்து மருந்து வரும். போன வாரம் நான் யாருக்கும் இல்லைன்னு எழுதிட்டேனா, அத வச்சு இந்த ஊருப் பங்கையும் வேற ஊருக்குப் பிரிச்சுட்டாங்க.

— பிரிச்சாச்சா? அப்ப இவ்வளவும் எதுக்குத் தம்பி?

— நான் போய் டாக்டர்கிட்ட ஒத்துக்கிட்டேன், அக்கா. ஏசுனார். ஏசிட்டு, ஒரே ஒரு குப்பி ஊசி மருந்து மிச்சம் இருக்கு, புண்ணு உள்ள ஆளா இருந்து சோதனையில செவந்தா மட்டும் குடுத்துட்டு வான்னார். மத்த வீடெல்லாம் காலையிலேயே பாத்துட்டேன். ரெண்டு வீட்டுல பச்சை. ஆனா அவங்களுக்குப் புண்ணு இல்ல. சாப்பாட்ட மாத்தினாப் போதும். புண்ணு உள்ளவரு ஒங்க வீட்டுக்காரர் மட்டுந்தான்.

— குப்பி கையில இருக்கா?

— இருக்கு. இந்தச் சின்னப் பானையில ஈர மணல் போட்டு அதுக்குள்ள வச்சிருக்கேன். சூடு பட்டா கெட்டுப்போகும். கரியில ஓடுற பஸ்ஸுல மடியில வச்சுக்கிட்டு வந்தேன். பக்கத்துல இருந்தவரு என்ன மீனுன்னு கேட்டார்.

— ஏலே, பாருலே பாரு! கொதிக்குது!

— குலுக்கணும். கொஞ்சம் பொறுங்க.

— பச்சையாகுது. ரஹ்மத்து, பச்சையாகுது!

— பச்சை போதுமா தம்பி?

— பொறுங்க அக்கா.

— மஞ்சளாயிட்டு! அட ரப்பே, எங்க வீட்டு ரசம் மாதிரியே இருக்கு.

— இப்பப் பாருங்க. அடியில படியுது. செவப்பு. நல்ல செங்கச் செவப்பு.

— நல்லாப் பாத்தீஹளா?

— வெளிச்சத்துல வச்சுப் பாத்துட்டேன். எதுக்கும் இன்னொரு தரம் போட்டும் பாத்துருதேன்... இதுவும் அதே செவப்புதான். சந்தேகமே இல்ல அக்கா. குப்பி ஒங்களுக்குத்தான்.

— அல்ஹம்துலில்லாஹ். ராத்தா, அத வாங்கி இங்க தாங்க. கீழ போட்டுறாதீஹ.

— நான் போடுவேனா? இந்தா, பிடிச்சுக்கோ. ஒரு கட்டவிரல் உசரம் கூட இல்ல, இதுக்குத்தானா இம்புட்டுப் பாடு! அய்யோ, என் ஆடு அவுத்துக்கிட்டுப் போகுது, பாரு! யாரு தோட்டத்துல போய் விழப்போகுதோ! தம்பி, சொல்லாமக் கொள்ளாமப் போயிராதே. வந்துருதேன்.

— போயிட்டு வாங்க பெரியம்மா. அக்கா, கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கீங்களா? கவனமாக் கேளுங்க. குப்பிய இதே மாதிரி ஈர மணல்ல, நெழல்ல வைங்க. இந்த ஊரு ஆஸ்பத்திரி ஜேசுபாதம் கம்பவுண்டர் நாளையிலேருந்து வந்து ஊசி போடுவார். ஊசி போட ஆரம்பிச்சா தண்டல் நோம்பு பிடிக்கக் கூடாது. வயிறு காலியா இருந்தா ஆபத்து.

— நோயாளிக்கு நோம்பு கடமை இல்லைன்னு ஆலிம்சாவே சொல்லிட்டாஹ. இவுஹதான் கேக்கல. பிடிவாதம். எந்த நோயும் எனக்கு இல்லம்பாஹ. கொழும்புல ஒரு டாக்டரு பாத்துச் சொன்னதையும் மறைச்சு வச்சாஹ. கூடப் போன ஆளு வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும்.

— இனி மறைக்க முடியாதுல்ல. சீசா சொல்லிட்டு.

— தம்பி.

— சொல்லுங்க அக்கா.

— இந்த மருந்து, அந்த நோய் இல்லாதவுஹளுக்குப் போட்டா என்ன செய்யும்?

— போடவே கூடாது. வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், மயங்கிரும். யாரும் கவனிக்கலைன்னா உசுருக்கே ஆபத்து. அதனாலதான் நான் இம்புட்டுக் கேள்வி கேக்கேன்.

— சர்க்கரை எவ்வளவு இருக்குன்னு தெரியாமப் போட்டாலும் அப்படித்தானா?

— ஆமா. சோதனையில எப்படி வருதோ அத வச்சுத்தான் கம்பவுண்டர் அளவு பாப்பார். ஏன் கேக்கீங்க?

— குப்பிய வாசப்படியில வச்சிருக்கேன். எடுத்துக்கோங்க.

— என்னக்கா? ஏன்?

— அந்தச் சீசா அவுஹளுது இல்ல.

— பெறகு?

— அவுஹ தரல. போன வாரமும் தரல. காலப் பிடிச்சுக் கேட்டேன். நோய்ப் பட்டியல்ல பேரு ஏறிட்டா மொதலாளி தோணிய வேற தண்டல் கையில குடுத்துருவாராம். நீங்க வாரீஹன்னு தெரிஞ்சுதான் இன்னைக்கு மொத பஸ்ஸுலயே போனாஹ.

— அப்ப போன வாரம் நான் பாத்தது?

— அதுவும் என்னுதுதான். நான் கதவுக்குப் பின்னால இருக்கிறவ. யாரு சீசான்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்? ஏதாவது ஒண்ணு குடுத்தா மருந்து வந்துரும்னு நெனச்சேன். அது நீலமாப் போச்சு. எனக்கு நோய் இல்லையே, எப்படிச் செவக்கும்னு பெறகுதான் ஒறைச்சுது.

— இன்னைக்கு?

— ஏசாதீஹ தம்பி. இன்னைக்கும் என்னுதுதான். அதுல ரேஷன் சீனி ஒரு கரண்டி கரைச்சு விட்டேன்.

— சீனியா, அக்கா?

— ஆமா. ஒங்களையும் ஏமாத்திட்டேன். நோம்பு வாயோட பொய்யும் சொன்னேன். அந்த விரலு நாளுக்கு நாளு கறுத்துக்கிட்டே வருது. ராத்திரி வெளக்கப் பிடிச்சுப் பாக்கேன், அவுஹளுக்கு அங்க வலிக்கக் கூட மாட்டேங்குது. வேற என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல.

— நான் ஏசல அக்கா. அந்தச் சீனியில மிச்சம் இருக்கா?

— இருக்கு. எதுக்கு?

— கொஞ்சம் தண்ணியில போட்டுக் கரைச்சு வைங்க. வெறும் தண்ணி. கிண்ணத்த நல்லாக் கழுவிட்டு.

— இந்தாங்க, படியில வச்சிட்டேன்.

— விளக்கு இன்னும் எரியுது. அதே மருந்து, அதே அளவு. கதவு இடுக்கு வழியாக் கொஞ்சம் பாருங்க. நான் திரும்பி நிக்கேன்.

— பாக்கேன். கொதிக்குது.

— பாத்துக்கிட்டே இருங்க.

— நீலமா இருக்கு. சீனி பத்தலையோ? இன்னும் கொஞ்சம் போடட்டுமா?

— எம்புட்டுப் போட்டாலும் அப்படியேதான் நிக்கும் அக்கா. கடையில வாங்குற சீனிக்கு இந்த மருந்து செவக்காது. ஒடம்புல ஊறி நீர்ல எறங்குற சர்க்கரைக்குத்தான் செவக்கும்.

— அப்ப இன்னைக்கு ரெண்டு தரம் செவந்துதே?

— செவந்துது. அது சீனியால இல்ல.

— போன வாரம் நீலமாத்தானே இருந்துது.

— போன வாரம் நீங்களும் பகல் முழுக்கப் பட்டினி. இன்னைக்குச் சோறும் பழமும் தின்னுருந்தீங்க... அக்கா, தாகம் ரொம்ப எடுக்குதா?

— நோம்பு மாசத்துல யாருக்குத் தம்பி எடுக்காது?

— நோம்புக்கு முந்தி?

— முந்தியும் எடுத்துது. வேலை அலுப்புன்னு நெனச்சுக்கிட்டேன். குப்பி ஒண்ணுதானே கொண்டாந்தீஹ?

— இப்போதைக்கு ஒண்ணுதான். அது இங்கனயே மணலுக்குள்ள இருக்கட்டும். நான் சொல்லாம யாருக்கும் போட வேண்டாம்னு கம்பவுண்டர்கிட்டயும் சொல்லிட்டுப் போறேன்.

— அவுஹகிட்ட நான் என்ன சொல்ல?

— ஒங்க சீசா செவந்துதுன்னு சொல்லுங்க. அவருது வேணும்னு கேளுங்க. நாளைக்கு மொத பஸ்ஸுலயே வாரேன். சஹருக்குப் பெறகு ரெண்டு சீசா எடுத்து வைங்க, ஒண்ணுல அவரு பேரு, ஒண்ணுல ஒங்க பேரு. எதுலயும் சீனி போட வேண்டாம்.