பதினஞ்சு போனும் ஒரு செவப்புக் கோடும்

...செவப்பாம் சார், செவப்பு! நம்ம தெரு செவப்பாம்! இந்தக் கார்ப்பரேஷன் ஆபீஸ் உள்ள செவுத்துல ஒட்டி வச்சிருக்காங்க பாருங்க மேப்பு, ஊரையே உரிச்சுப் போட்ட மாதிரி. அதுல எங்க தெரு மட்டும் ரத்தக் காயம் கணக்கா செவந்து கெடக்கு. என்னன்னு கேட்டா, காலை நேர நெரிசலாம். ஊர்லயே மூணாவது எடமாம்! எங்க தெருவுல ரெண்டு நாய் எதிரெதிர வந்தாலே அதிசயம் சார். நெரிசலாம்ல!

நீங்க உக்காருங்க, உக்காருங்க. உங்க டோக்கன் எத்தன? அம்பத்தேழா? இப்பத்தான் நாப்பத்தொண்ணு போயிருக்கு. பேர்ல எழுத்துப்பிழை திருத்தணுமா? அதெல்லாம் ஒரு வேலையா சார், விடுங்க. என் கதையக் கேளுங்க.

அந்த மேப்புக்குப் பக்கத்துல இன்னொண்ணு இருக்கு, பார்த்தீங்களா? எங்கெங்க திருட்டுப் போகுதுன்னு புள்ளி வச்சது. ஊர்லயே அதிகத் திருட்டு எங்க தெரியுமா? போலீஸ் ஸ்டேஷன்ல! சத்தியமா சார். எந்த எடத்துல தொலைஞ்சதுன்னு சரியாச் சொல்லத் தெரியாதவங்க எல்லாருக்கும், புகார் எழுதின எடத்தையே அட்ரஸாப் போட்டுட்டாங்களாம். அப்போ அங்கதான திருட்டு? இந்த அறிவாளிங்கதான் எங்க தெருவ அளக்குறாங்க.

அளந்துட்டுச் சும்மா இருந்தாப் பரவால்ல. நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. நெரிசலக் கொறைக்க ரோட்ட அகலப்படுத்தப் போறாங்களாம். வடக்குப் பக்கம் பத்தடி எடுப்பாங்களாம். வடக்குப் பக்கம் யாரு? என் தம்பி. மெக்கானிக்கு. டூவீலர் பாக்குற கடை. அந்தக் கடையோட நீளமே ஒம்பதடி சார்! ஒம்பதடிக் கடையில பத்தடிய எடுத்தா மிச்சம் என்ன இருக்கும்? அவன் ஸ்பேனரத் தொங்கவிட ஆணியடிக்கக்கூட செவுரு இருக்காது.

எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்த இல்ல, அது வேற விஷயம். மூணு வருஷம் ஆச்சு. என்ன சண்டைன்னு கேக்குறீங்களா? கேக்கலையா? சொல்றேன். அக்கா பையனுக்கு வேல கெடச்சுதுன்னு எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டோம். நான் கம்பெனி வேன் ஓட்டுறேன் சார், பதினாலு பொம்பளைங்கள ஷிப்டுக்குக் கூட்டிட்டுப் போற வேல. ஒரு கீறல் கெடையாது என் வண்டியில. இவன் சாப்பிட்டுக்கிட்டே, நடுக் கூட்டத்துல, "அண்ணன் எங்க வண்டிய ஓட்டுது? வண்டிதான் அண்ணன ஓட்டுது"ங்குறான். சிரிச்சாங்க சார். அக்கா சிரிச்சா. என் பொண்டாட்டி சிரிச்சா, பொறையேறி தண்ணி குடிச்சுட்டு மறுபடியும் சிரிச்சா! கைய கழுவிட்டு வந்தவன்தான், அதுக்கப்புறம் அவன் மூஞ்சியில முழிக்கல.

அதுவும் பொய்யி. முழிப்பேன். தெனம் முழிப்பேன்.

சரி, அதுக்காக அவன் கடைய இடிச்சுத் தள்ளட்டும்னு இருக்க முடியுமா? நான் அவனத் திட்டலாம், கண்ட மேப்பு வந்து திட்டலாமா? லீவு போட்டுட்டு ஆட்சேபண மனு எழுதிக்கிட்டு நேரா உள்ள போனேன். ஒரு கண்ணாடி போட்ட பொண்ணு, என் மகளவிடச் சின்னது, கம்ப்யூட்டருக்குள்ள தலைய விட்டுக்கிட்டு இருக்கு. அந்தப் பொண்ணுதான் மேப்புப் போட்டதாம். டேபிளத் தட்டிக் கேட்டேன்: "ஏம்மா, அந்தத் தெருவ நீ கண்ணால பார்த்திருக்கியா? ஒரு நெரிசலும் கெடையாது. மூணு வருஷமா தெனம் காலையில நானே அங்கதான் நிக்கிறேன். எனக்குத் தெரியாதா?"

அது நிமிந்து பார்த்துச்சு. சிரிக்கக்கூட இல்ல சார். "எத்தன மணிக்கு நிப்பீங்க?"ன்னுச்சு.

"ஏழு முப்பத்தஞ்சுல இருந்து ஏழு அம்பத்தஞ்சு வரைக்கும்"னேன். பெருமையா சொன்னேன் சார், பெருமையா! வெவரங்கெட்டவன்.

ஸ்க்ரீன என் பக்கம் திருப்புச்சு. எங்க தெரு. அதுல பதினஞ்சு புள்ளி, எறும்பு மாதிரி ஒண்ணாவே ஊந்து வருது. சரியா ஏழு முப்பத்தஞ்சுக்கு ஒரே எடத்துல நிக்குது. இருவது நிமிஷம் அசையல. அப்புறம் ஒண்ணாவே கெளம்புது. வாரத்துக்கு ஆறு நாள். "வண்டிங்கள எண்ண முடியாதுங்க, போனத்தான் எண்ணுவோம். பதினஞ்சு போன் நடுரோட்டுல நின்னா பதினஞ்சு வண்டி மாட்டிக்கிச்சுன்னு மேப்பு எடுத்துக்கும். தெரு செவந்ததும் மத்த வண்டிங்கள எல்லாம் வேற வழியில அனுப்பிடும். மிச்சம் இருக்குறது இந்தப் பதினஞ்சுதான். யாரு சார் இவங்க?"ன்னுச்சு.

பதினாலு பொம்பளைங்க, பதினாலு போன். என்னோடது ஒண்ணு.

ஒருத்தி தல சீவுவா, ஒருத்தி அம்மாகூட வீடியோவுல அழுவா, ஒருத்தி வாயப் பொளந்து தூங்குவா. கம்பெனியில கேட்டத் தொறக்குறதே எட்டு மணிக்குத்தான், அதுவரைக்கும் எங்கயாவது நிக்கணும்ல? நின்னேன். எதுக்கு அங்க நிக்கணும்ங்குறீங்களா... மரம் இருக்கு சார், நெழலு.

காலையில ஏழரைக்கு என்ன வெயிலு, அதையும் அந்தப் பொண்ணு கேட்டுச்சு.

சரி சார். சொல்லிடுறேன். நீங்க யாரோ, நான் யாரோ. அவன் கடவாசல் இருக்குல்ல, அதுக்கு நேரா குறுக்கால நிறுத்துவேன். வேலைக்குப் போறவன் எல்லாம் வண்டிய அவன்கிட்ட விட்டுட்டுப் போற நேரம் அதான். ஒரு ஸ்கூட்டர்கூட உள்ள நொழைய முடியாது. அவன் வெளிய வந்து இடுப்புல கைய வச்சுக்கிட்டு நிப்பான். நான் நேராப் பார்த்துக்கிட்டு ஸ்டியரிங்க தொடப்பேன். இப்பச் சொல்றா, யாரு யார ஓட்டுறான்னு... மனசுக்குள்ள கேட்டுக்குவேன். மூணு வருஷம் சார். அம்பத்து ரெண்டு வயசுல. அவன் ஒரு வார்த்த கேக்கல. ஒரு நாளு, ஒரே நாளு, "எடுண்ணே"ன்னு சொல்லியிருந்தா எடுத்திருப்பேன். அந்த அழுத்தக்காரன் சொல்லலையே!

நான் அவன எரிச்சல்படுத்தணும்னு நெனச்சேன். கூரையப் பிரிக்கணும்னா நெனச்சேன்?

இப்ப இந்த ஃபாரத்தக் குடுத்திருக்கு அந்தப் பொண்ணு. நிறுத்தின காரணத்த எழுதிக் கையெழுத்துப் போடணுமாம். நான் நிறுத்தாம ஒரு மாசம் மறுபடி அளப்பாங்களாம், செவப்பு போயிடுச்சுன்னா நோட்டீஸ் ரத்து. "சொந்த விஷயம்"னு எழுதிக் குடுத்தேன், திருப்பிக் குடுத்துடுச்சு. கம்பெனிக்குத் தெரிஞ்சா வேன் கான்ட்ராக்டு போகும், போகட்டும். அதவிடக் கொடுமை கீழ பாருங்க, ரெண்டாவது கோடு. பாதிக்கப்படுற கடக்காரர் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடணுமாம். படிச்சுப் பார்த்து! தம்பி பொண்டாட்டிக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன், அவன இங்க அனுப்பி விடும்மான்னு. எதுக்குன்னு சொல்லல.

பேனா இருக்கா சார்? குடுங்க.

"என்... தம்பி... கடைய... மறிக்க... வேணும்னே... நிறுத்தினேன்." மறிக்கவுக்குப் பெரிய றியா, சின்ன ரியா? பெரிய றிதான... ம். போட்டாச்சு கையெழுத்து. இதே கையாலதான் பதினாலு உசுர ஓட்டிட்டுப் போறேன்.

அம்பத்தேழா? அதுக்குள்ளயா? சரி, போங்க சார், போங்க, பேனாவப் பிடிங்க. எழுத்துப்பிழை சீக்கிரம் திருந்தட்டும்.

...வந்துட்டானா.

டேய்! ஏண்டா படியில ஏறி வர்ற? லிப்ட்டு இருக்குல்ல, கண்ணு தெரியலையா? வண்டிக்கடியில முட்டி போட்டுப் போட்டு முட்டியே தேஞ்சு கெடக்கு, இதுல மூணு மாடி நொண்டிக்கிட்டு வர்றியாக்கும்... என்னடா பாக்குற? உன்னத்தான் சொல்றேன். வா. இந்தா, எடம் காலியாத்தான் இருக்கு. மொதல்ல உக்காந்து மூச்சு வாங்கு.

அப்புறம் இதப் படி.