வளைவில் வைத்த நாசில்

எனக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரமாவது தூங்கியாக வேண்டும். எங்கள் வீட்டு மாடியறையில் ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று பிய்த்துக்கொண்டு வரும். இருபத்திரண்டு வருடமாக அங்கேதான் என் தூக்கம். என் பெயர் சீனி முகம்மது. ஏர்வாடி சாலையில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். வாக்குமூலத்தை நிதானமாகவே சொல்கிறேன் இன்ஸ்பெக்டர் சார், எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து தங்குவார். இருப்பதிலேயே நல்ல அறை அவருக்கு. என் மகள் லாமியாவுக்குப் பேசி முடித்த உசாமா, துபாயில் வேலை பார்த்தவர். தங்கமான பையன். குறை என்று பார்த்தால் வேகம் ஒன்றுதான். "மாப்பிள்ளைக்கு மாடியை ஒழிச்சுக் குடுத்துட்டு, நீங்க கீழ அடுப்படிப் பக்கம் படுத்துக்கங்க," என்றாள் என் மனைவி உம்மு ஹபீபா. சரியென்று தலையாட்டினேன். அன்று மத்தியானம் தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது உசாமா தன் காரோடு பட்டறைக்கு வந்தார். இன்ஜின் காற்றிழுக்கும் குழாயில் ஒரு சின்ன நாசிலைப் பொருத்த வேண்டுமாம். பொத்தானை அமுக்கினால் அது நைட்ரஸ் வாயுவையும் பெட்ரோலையும் சேர்த்துப் பீய்ச்சும், கார் பறக்கும்.

"குழாய் நேரா போகுதுல்ல மாமா, இங்கன வைங்க. வளைவுக்கிட்ட வச்சா பெட்ரோல் செவுத்துல அடிச்சுத் தேங்கி வெடிச்சிரும்," என்று சாக்பீஸால் குறி போட்டார். சரியான இடம். கெட்டிக்காரர்.

அவர் மத்தியான லுஹர் தொழப் போனதும் குறியை ஈரத்துணியால் துடைத்தேன். வளைவை ஒட்டி அதே மாதிரி ஒரு குறி போட்டு, அதன்மேல் துளையிட்டு நாசிலைப் பொருத்தினேன். முப்பது வருட அனுபவம். ஒரு சொட்டு கசியாது. திரும்பி வந்தவர் நாசிலைச் சுற்றிச் சாக்பீஸ் குறி இருப்பதை மட்டும் பார்த்தார். மாமனார் வேலையைக் குனிந்து சோதிப்பது மரியாதையில்லை என்று நினைத்திருப்பார். பிள்ளையை அப்படி வளர்த்திருக்கிறார்கள்.

குழாய் கிழியும், கார் நிற்கும், பையனுக்குப் புத்தி வரும் என்றுதான் நினைத்தேன். பெற்ற மனம் சார். இப்படிப் பறக்கிறவரைக் கட்டிக்கொண்டு என் மகள் இளம் வயதிலேயே கைம்பெண்ணாகிவிடக் கூடாதே.

அன்று சாயங்காலமே உப்பூர்ப் பக்கம் பொத்தானை அமுக்கியிருக்கிறார். பானெட் எகிறித் தீப்பிடித்து, கார் சீமைக்கருவேலங் காட்டுக்குள் தலைகுப்புறக் கிடந்தது. இரண்டு காலும் முறிவு. மாடிப்படி ஏற ஒரு வருடமாவது ஆகும் என்றார் டாக்டர். ஒரு வருடம் நிச்சயமா என்று இரண்டு முறை கேட்டேன், அக்கறையில்தான்.

நேற்று இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உசாமா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நான்தான் மாமா குறியத் தப்பாப் போட்டுப்புட்டேன். என்னால உங்க தொழிலுக்கும் கெட்ட பேரு. மன்னிச்சிருங்க மாமா."

எனக்கும் கண் கலங்கிவிட்டது. நோயாளியோடு வாதாடுவது முறையில்லை. பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டேன் சார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.