பொட்டு வைக்காமல் வரச் சொன்ன குமாஸ்தா

எண்பதுகளில் ஒரு நாள், மட்டாஞ்சேரித் துறையில் எர்ணாகுளம் படகுக்காக வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் தூக்குவாளியோடு நின்ற பெண், பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

"கோர்ட்டுக்கு வரும்போது பொட்டு வைக்காதேன்னுட்டாருக்கா, அந்த வக்கீல் குமாஸ்தா."

"நீ எந்த வக்கீல்கிட்டப் போனே?"

"நான் எங்கக்கா போனேன்? என் வீட்டுக்காரரை லாரி இடிச்ச மறுநாளே அவரா வீடு தேடி வந்துட்டாரு. எங்க வக்கீலுக்கே கேஸைக் குடு, நஷ்டஈடு வாங்கித் தர்றோம்னாரு."

"வீடு தேடி வந்தா கேஸ் பிடிக்கிறாங்க? இதுக்காகத்தானே சுள்ளிக்கல் பக்கத்து வக்கீல் ஒருத்தர் மேல பார் கவுன்சிலுக்குப் புகார் போச்சு!"

"தாலியையும் கழட்டி வச்சிடணுமாம்."

மற்றவள் நெஞ்சில் கை வைத்தாள்.

"அய்யய்யோ! அவரு போயிட்டாரா?"

"ஆசுபத்திரியில இருக்காரு. இந்தக் கஞ்சி அவருக்குத்தான். காலையில உப்பு பத்தலைன்னு சத்தம் போட்டாரு."