அரை மாத்திரை

மாத்திரையை இரண்டாக உடைப்பதற்குக் கத்தி தேவையில்லை. நடுக்கோட்டின் இருபுறமும் கட்டைவிரல்களை வைத்து மெல்ல அழுத்தினால் போதும், தூள் சிந்தாமல் பிளந்துவிடும். இருபத்தொன்பது வருடம் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நின்றபடி வேலை பார்த்தவளுக்கு மிஞ்சுவது இந்த மாதிரி நுணுக்கங்களும் வீங்கிய கால்களும்தான். இந்த ஸ்டேஷனில் நீங்கள் உட்காரச் சொன்னதே பெரிய உபகாரம். நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

என் கணவர் ரயில்களுக்குக் கால அட்டவணை போடும் அலுவலகத்தில் இருந்தவர். நல்ல மனிதர். குடி இல்லை, கை நீட்டியதில்லை. குழம்பில் உப்பு கூடினாலும் ஒரு சொல் கிடையாது, குறைந்தாலும் கிடையாது. என் தம்பி அவருக்கு வைத்திருந்த பெயர் ஊமைக்கோட்டான். மகள் பிறந்து, வளர்ந்து, வேலைக்கென்று வெளிநாடு போகும்வரை அந்த வீட்டில் நான் ஒப்புக்குச் சப்பாணி. அதற்காக அழுததில்லை. எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு வலது கை நடுங்கத் தொடங்கியது. நடை சுருங்கியது. நரம்பு டாக்டர் மாத்திரை எழுதினார், மூன்றாம் மாதம் அளவைக் கூட்டினார். கூட்டிய பிறகு ஒரு ஞாயிறு மதியம், நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அவர் அறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உனக்குக் கன்னத்துல மச்சம் இருக்கா?”

“பொறந்ததுலேர்ந்தே இருக்குங்க.”

“நான் பார்த்ததே இல்லையே,” என்றார். கண் கலங்கியிருந்தது, அவருக்கு.

அந்த வாரமே மருந்தகத்துக்கு வந்தார். நோயாளிகளின் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று, ஜன்னலுக்கு வந்ததும் சீட்டு எதுவும் நீட்டாமல் சிரித்தார். “சும்மாதான் வந்தேன். உன்னைப் பார்க்கணும்போல இருந்துச்சு.” பக்கத்து ஜன்னல்காரி வாய்விட்டுச் சிரித்தாள். “அக்கா, மாமாவுக்கு இப்பதான் கல்யாணம் ஆன மாதிரி இருக்கு.” நானும் சிரித்தேன். அந்த நான்கு மாதம் எனக்குக் கால் வலித்ததாக நினைவில்லை.

பிறகு அவர் வீட்டுக்குள் பூனைகளைப் பார்த்தார். எங்கள் வீட்டில் பூனை கிடையாது. மகள் வீடியோவில் பேசும்போது கவனித்துவிட்டாள். அவள் வற்புறுத்தித்தான் டாக்டரிடம் போனோம்.

டாக்டர் என்னை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்.

“மூளையில டோபமின்னு ஒரு ரசாயனம் குறைஞ்சதாலதான் இந்த நடுக்கம். நாம குடுக்கற மாத்திரை அந்த வேலையைச் செய்யுது. ஆனா கை காலை ஆட்டறதுக்கு மட்டும் இல்லம்மா, ஆசைக்கும் அதேதான். புதுசா காதலிக்கறவங்க மூளையிலயும் இதுதான் பொங்கும். இப்ப உங்க மேல காட்டற பிரியத்துல கொஞ்சம் மருந்தோட வேலையும் இருக்கலாம். இல்லாத பூனை தெரியறதும் இந்த மருந்தாலதான். பாதியாக் குறைச்சிடலாம். அவர் கொஞ்சம் பழையபடி ஆனா வருத்தப்படாதீங்க.”

வருத்தப்படவில்லை. வீட்டுக்கு வந்து மாத்திரையைப் பாதியாக உடைத்தேன். பன்னிரண்டாம் நாள், நான் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அன்று சாப்பாட்டுக்குப் பிறகு மற்ற பாதியையும் கொடுத்தேன். அடுத்த வாரம் ஒன்றரை. அப்புறம் இரண்டு. டாக்டர் கேட்டபோது, “நீங்க சொன்ன மாதிரி குறைச்சுட்டேன் டாக்டர்,” என்றேன். மருந்தகத்துக்காரி சொன்னால் யார் சந்தேகப்படப்போகிறார்கள்? பசித்தவனுக்குச் சோறு போட்டால் குற்றமில்லையே, பசி என்னுடையதாக இருந்தது, அவ்வளவுதான்.

அவர் தூங்குவதை விட்டார். எடை குறைந்தது. ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தேன். அன்று இரண்டு பேர் லீவு. மூன்று ஜன்னலுக்கும் நான் ஒருத்தியே நின்றிருந்தேன். அவர் ஜன்னலோரம் கிடந்த காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, தன் பிஸ்கட்டில் பாதியை அதன்மேல் வைத்திருந்தார்.

“ரொம்பக் களைச்சுப் போயிட்டியா?” என்று கேட்டார். நாற்காலியிடம்.

“யாருங்க அங்க?”

“உனக்குத் தெரியாது. நீ உள்ளே போ,” என்றார். முகத்தில் அத்தனை வெளிச்சம்.

என்னிடம் ஒருநாளும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நல்ல நாளிலும் கேட்டதில்லை. சக்களத்தி என்றால் கொண்டையைப் பிடித்துச் சண்டை போடலாம். காற்றோடு என்ன சண்டை போடுவது? எட்டு நாள் பொறுத்தேன். எட்டு நாளும் அவளுக்குத்தான் பிஸ்கட்.

ஒன்பதாம் நாள் மாத்திரை டப்பாவைக் காலியாக வைத்தேன். அதற்கடுத்த நாளும். இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தவே கூடாது, உயிருக்கே ஆபத்து என்று அந்த ஜன்னல் வழியாக நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன். தெரியாமல் செய்தேன் என்று நீங்கள் எழுதிவிட வேண்டாம். என் மகள் ஏதும் அறியாதவள். போன் செய்தபோதெல்லாம் அப்பா தூங்குகிறார் என்று சொல்லிவிட்டேன்.

மருந்து நின்ற மூன்றாம் நாள் உடம்பு மரக்கட்டையாக இறுகியது. நான்காம் நாள் காய்ச்சல் கொதித்தது, தண்ணீர் இறங்கவில்லை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அந்த நாற்காலியை எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு நானே உட்கார்ந்தேன். ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் எண் சுவரிலேயே ஒட்டியிருந்தது. கூப்பிடவில்லை. ஆறாம் நாள் பகல் பதினொன்றரைக்கு மூச்சு நின்றது.

கடைசி இரண்டு நாளும் அவர் என் முகத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. கழுத்து இறுகிப்போய்த் திருப்ப முடியாமல் கிடந்தார் என்றுதான் போஸ்ட்மார்ட்டம் டாக்டர் அறிக்கையில் எழுதியிருப்பார். டாக்டருக்கு என்ன தெரியும். என் கணவருக்கு என் முகத்தைவிட்டுத் திரும்ப மனசு வரவில்லை.