ஜாதகம் சண்டைக்கு வராது

“ஏட்டி, நீ ஏன் பேசவே மாட்டேங்க?”

பத்தாம் வகுப்பில் ஸ்ரீவித்யா என்னிடம் இப்படிக் கேட்டாள். சாதாரணக் கேள்விதான். மதியச் சாப்பாட்டு நேரம். வட்டமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாரும் தலையைத் தூக்கி என் வாயைப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி சிரித்தாள். நான் பதில் சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. அந்தக் கேள்வியால்தான் நின்றேன் என்று நான் சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு முதுகில் அடிபட்டிருந்த சமயம் அது. ஏன் போகவில்லை என்று வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை.

ஆரம்பத்திலிருந்து எழுது என்று சொன்னீர்கள். அதனால் இங்கிருந்து தொடங்குகிறேன். வாயால் கேட்டபோது எனக்கு வரவில்லை. உங்கள் பெண் காவலர் பக்கத்து மேசையில், “இவளுக்குக் காது கேக்குமா, கேக்காதா?” என்று விசாரித்தார். கேட்கும். எழுதவும் வரும். பள்ளிக்கூடம் நின்ற பிறகும் யாருக்கும் தெரியாமல் எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

என் பெயர் இசக்கிச்செல்வி. ஊர் அச்சன்புதூர். தென்காசி ரத வீதியில் ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் கைலாசம் அண்ணாச்சியின் திருமணத் தகவல் மையத்தில் வேலை பார்த்தேன். கூட்டிப் பெருக்க, டீ வாங்க, ஜெராக்ஸ் எடுக்கத்தான் சேர்ந்தேன். பேசாத பிள்ளை என்பதால்தான் என்னை எடுத்ததாக அண்ணாச்சி வருகிறவர்களிடம் சொல்வார். நாலு வீட்டு ரகசியம் புழங்குகிற இடம்.

அங்கே வேலை இப்படி நடக்கும். பெண் வீட்டார் ஜாதகமும் போட்டோவும் தருவார்கள். அதை ஏற்ற மாப்பிள்ளை வீடுகளுக்கு அனுப்புவோம். அவர்கள் போனில் பதில் சொல்வார்கள். அந்தப் பதிலைப் பெண் வீட்டுக்கு நாங்கள் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் சம்மதம் என்றால்தான் நம்பர் கைமாறும். அதுவரை ஒருவர் நம்பர் இன்னொருவருக்குப் போகாது. போனால் அண்ணாச்சிக்குக் கமிஷன் வராது.

வேண்டாம் என்பதற்கு மாப்பிள்ளை வீட்டில் பல காரணம் சொல்வார்கள். நிறம் பத்தாது, பல் தூக்கல், பெரியப்பா மகள் ஓடிப்போனவள். அண்ணாச்சி எதையும் பெண் வீட்டுக்குச் சொன்னதில்லை.

“ஜாதகம் சேரலைன்னு சொல்லிருட்டி. அது மேல பழியப் போட்டா ஒருத்தருக்கும் கோவம் வராது. ஜாதகம் என்ன, சண்டைக்கா வரப் போவுது?” என்பார்.

ஜாதகம் சேரவில்லை என்று பதில் வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் மறுபடி கேட்க மாட்டார்கள். கேட்டால் மரியாதையில்லை. ஒரு ஜோசியர் எட்டுப் பொருத்தம் என்பதை இன்னொருவர் நாலு என்பார், அவ்வளவுதான். பிறகு அந்த வீட்டாரைக் கல்யாண வீட்டில் பார்த்தாலும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். நடந்தது எல்லாம் இந்த மரியாதைக்குள்தான் நடந்தது. நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

அண்ணாச்சியின் அக்கா மகன் குமரகுரு சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. சீசனுக்குக் குற்றாலத்தில் குளிக்க வந்தவர், ஈரத் துண்டை என் நாற்காலியில் போட்டுவிட்டு, நாள் முழுக்க ஒரே பதிலை நான் போனில் டைப் அடித்து அனுப்புவதைப் பார்த்தார்.

“இதுக்கு இப்ப புரோகிராம் ஒண்ணும் எழுத வேண்டாம் மாமா. ஸ்கிரீன்ல பெட்டி பெட்டியா இழுத்து வைக்கணும், நடுவுல அம்புக்குறி போடணும். அதுவே பாத்துக்கிடும்.”

“மிஷினு கல்யாணம் பண்ணி வைக்குமாலே?”

“வைக்கும். தாலிய மட்டும் நீங்க எடுத்துக் குடுங்க.”

அன்றைக்கே எனக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒரு பெட்டியில், என்ன நடந்தால் வேலை தொடங்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். அடுத்த பெட்டி கேள்வி கேட்கும். ஆம் என்றால் ஒரு பாதை, இல்லை என்றால் வேறு பாதை. கடைசிப் பெட்டி செய்தியை அனுப்பும். மாப்பிள்ளை வீட்டார் போனில் ‘விருப்பம்’ அல்லது ‘விருப்பமில்லை’ என்று அழுத்தினால் போதும். மற்றதை அது செய்யும். யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை. எனக்கு அது மிகவும் பிடித்தது. ஒரு வாரத்தில் நானே புதுப் பாதைகள் போடப் பழகிவிட்டேன். போன் அடிக்காத அலுவலகத்தில் அண்ணாச்சி மதியம் நிம்மதியாகத் தூங்கினார்.

அந்த ஆவணியில் இராமலட்சுமி அம்மாள் மகளின் ஜாதகத்தோடு படியேறி வந்தார். போட்டோவைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அதே நெற்றி, அதே பல்வரிசை. பி.காம். முடித்து ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள் என்று எழுதியிருந்தது. என்னை அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. தெரிய நியாயமும் இல்லை.

விவரங்களைப் பதிந்துவிட்டு ஒரு பெட்டி கூடுதலாக வைத்தேன். பெண் ஸ்ரீவித்யா என்றால், மாப்பிள்ளை வீட்டார் எதை அழுத்தினாலும் ‘விருப்பமில்லை’ பக்கம் போக வேண்டும். பெண் வீட்டுக்கு, ஜாதகப் பொருத்தம் அமையவில்லை என்று போகும். மாப்பிள்ளை வீட்டுக்கும், பெண் வீட்டாருக்குப் பொருத்தம் அமையவில்லை என்று போகும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பெயர் கேட்கும். கேட்டதால் வைத்தேன். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

அதன் பிறகு நான் எதுவும் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அம்பாசமுத்திரத்தில் ஒரு நல்ல குடும்பம், பையன் கோயம்புத்தூரில் இன்ஜினியர், பார்த்தவுடன் விருப்பம் என்று அழுத்தினார்கள். அந்த நேரம் நான் தபால் ஆபீஸில் நின்றிருந்தேன். திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை. வாயையே திறக்கவில்லை.

சில திருத்தங்கள் மட்டும் செய்தேன். பதில் உடனே போனால் ஜாதகம் பார்க்காமலே சொன்னது போல இருக்கும் என்று மூன்று நாள் காத்திருக்கும் பெட்டி ஒன்று வைத்தேன். வெள்ளிக்கிழமை வீட்டில் விளக்கேற்றும் நேரத்தில் அப்படி ஒரு செய்தி போக வேண்டாம் என்று அன்றைக்கு மட்டும் நிறுத்தினேன். ‘மனம் தளர வேண்டாம், விரைவில் நல்ல இடம் அமையும்’ என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரி நன்றாக இருக்கிறது என்று இராமலட்சுமி அம்மாளே சொன்னார்.

அவர் அடிக்கடி வருவார். அண்ணாச்சி தூங்கினால் என்னிடம் பேசுவார். பேசாதவர்களிடம் எல்லாரும் நிறையப் பேசுவார்கள்.

“செவ்வாக்கிழம தோறும் பண்பொழி மலை ஏறுதோம்மா. முழங்காலு போச்சு. அந்த முருகன் கண்ணத் தொறக்கணும்.”

இன்னொரு நாள், “இவ சேக்காளிக எல்லாம் பிள்ளையப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வாராளுவ. சித்தி மக வளைகாப்புக்குப் போனா, இவள முன்னால நிக்காதன்னுட்டாக. அவ வந்து குளிச்சிட்டு ஆபீஸ் ஃபைல எடுத்து வச்சுக்கிட்டா” என்றார்.

ஜோசியர் முதலில் எந்த தோஷமும் இல்லை என்றுதான் சொன்னாராம். இத்தனை இடம் தட்டிப்போகிறதே என்று மறுபடி பார்த்ததில் ஒரு தோஷம் அகப்பட்டுவிட்டது. அதிலிருந்து அவளுடைய அப்பா சிவசைலம் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதை விட்டுவிட்டார். என் பெட்டியில் தோஷம் என்ற சொல்லே கிடையாது. அதை அவர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஒரு தடவை அந்த அம்மாள் வேறொன்று சொன்னார். “வித்யாக்கு எளகின மனசும்மா. பத்தாப்பு படிக்கையில கூட ஒரு பிள்ள இருந்துச்சாம். பேசவே பேசாதாம். சாப்பாடு கொண்டாராம வெறுங்கையோட உக்காந்திருக்கும்போல. இவ தன் டிபன் மூடில சோத்த வச்சு நீட்டிருக்கா. மறுவாரம் அந்தப் பிள்ளயக் காணல. நான்தான் என்னமோ கேட்டு விரட்டிட்டேன்னு ஒரே அழுக. அச்சன்புதூர் வரைக்கும் சைக்கிள்ல தேடிப் போயிருக்கா, கேளேன். கதவே தொறக்கலயாம்.”

நான் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். மூடியில் இருந்தது எலுமிச்சம்பழச் சோறு. அதை நான் கேட்கவில்லை. கதவைத் தட்டிய நாளில் நான் உள்ளேதான் இருந்தேன். வந்தது யார் என்று எனக்கு எப்படித் தெரியும்? செல்வி, செல்வி என்று கூப்பிட்டால் அது யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

அன்று சாயங்காலம் பெட்டிகளைத் திறந்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. அப்படியே விட்டேன்.

இனி புளியறைக்காரர் பற்றி எழுதுகிறேன். நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது இதைத்தான். செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை, சொந்தமாக இரண்டு லாரி, நாற்பத்தைந்து வயது. முதல் மனைவி கிணற்றில் விழுந்து செத்தவள். அவர் பதிந்த மறுவாரமே அண்ணாச்சி விசாரித்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்:

“இவன் பேர நிறுத்தி வைட்டி. அந்தப் பிள்ள தானா விழல. எவ வீட்டு ஜாதகமும் இவனுக்குப் போவக் கூடாது. போச்சுன்னா பாவம் நம்ம தலையில.”

நிறுத்தி வைத்தேன். சொன்னதைச் செய்கிறவள் நான்.

சென்ற தையில் அண்ணாச்சி கண் ஆபரேஷனுக்காகச் சென்னை மகள் வீட்டுக்குப் போனார். மையத்தை நான் மட்டும் பார்த்துக்கொண்டேன். அந்த வாரம் இராமலட்சுமி அம்மாள் வந்து, மாலையை எடுத்துக்கொண்டு எவன் வந்தாலும் கட்டிக் கொடுத்துவிடத் தயார் என்று சொல்லி, நான் துடைத்து வைத்த மேசை மேல் தலையைக் கவிழ்த்து அழுதார். கேட்கக் கஷ்டமாக இருந்தது. ஏதாவது உதவி செய்ய வேண்டும் என்று தோன்றியது. புளியறைக்காரர் பெயரை ஒரே ஒரு ஜாதகத்துக்கு மட்டும் திறந்துவிட்டேன். மாப்பிள்ளை அவர் என்றால் ‘விருப்பம்’ பக்கம் போகலாம் என்று ஓர் அம்புக்குறி போட்டேன். அவர் அன்றைக்கே அழுத்தினார். ‘ஜாதகப் பொருத்தம் அமைந்துள்ளது, வாழ்த்துகள்’ என்ற செய்தி அந்த வீட்டுக்கு முதல் தடவையாகப் போனது.

அவர்கள் வெளியே விசாரிக்கவில்லை. “அண்ணாச்சி விசாரிக்காம ஒரு எடத்த அனுப்ப மாட்டாவ” என்று சிவசைலம் சொன்னாராம். இரண்டாம் தாரம் என்றாலும் அவருக்கும் அதே தோஷம், ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என்று ஜோசியரும் சொல்லிவிட்டார். இராமலட்சுமி அம்மாள் லட்டு கொண்டுவந்து என் வாயில் ஊட்டினார். அண்ணாச்சிக்கு அனுப்பிய பத்திரிகையை, கண்ணில் கட்டோடு இருந்ததால் அவர் படிக்கவில்லை.

கல்யாணத்துக்கு நான் போகவில்லை. எனக்குக் கூட்டம் ஆகாது.

இது வெளியே வந்தது ஒரு துஷ்டி வீட்டில். கல்லிடைக்குறிச்சியில் யாரோ பெரியவர் தவறிப்போக, சிவசைலமும் அந்த அம்பாசமுத்திரத்துக்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியதாகிவிட்டது. கல்யாண வீடு என்றால் திரும்பிக்கொண்டிருப்பார்கள். துஷ்டி வீட்டில் யாரும் யாரையும் பார்க்காமல் இருக்க முடியாது.

“எங்களுக்குத்தான் குடுத்து வைக்கல. நீங்க வேண்டாம்னுட்டிய” என்றிருக்கிறார் அவர்.

“நாங்களா? நீங்கல்லா வேண்டாம்னிய.”

“என்ன அண்ணாச்சி சொல்லுதிய? எம் பையன் அந்தப் பிள்ளதான் வேணும்னு ஒரு வருசமா வேற எடமே பாக்க விடலயே.”

அதற்குள் ஸ்ரீவித்யா புளியறையிலிருந்து திரும்பி வந்திருந்தாள். அவர் லாரிச் சாவியால் அடித்ததாகச் சொன்னார்கள். இடது காது இனிக் கேட்காதாம். டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் உங்களிடம் இருக்கிறது.

குமரகுரு சென்னையிலிருந்து வந்து பெட்டிகளைத் திறந்தார். நான் எதையும் ஒளித்து வைக்கவில்லை. விருப்பம் என்று அழுத்திய ஒவ்வொரு வீட்டின் பெயரும் தேதியோடு அப்படியே இருந்தது. அவர் கீழே நகர்த்திக்கொண்டே போனார். நடுவில் ஒரு தடவை எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். கட்டுப் பிரித்த கண்ணோடு அண்ணாச்சி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். “எதுக்குட்டி செஞ்ச?” என்று கேட்டார். அவர் கேட்டு நான் சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை. அது அவருடைய கேள்வி இல்லை.

ஸ்ரீவித்யா அன்று அப்பாவோடு வந்திருந்தாள். சிவசைலம் வாசலிலேயே நின்றுவிட்டார். அவள் மட்டும் உள்ளே வந்து, நல்ல காதைக் குமரகுரு பக்கம் திருப்பிக்கொண்டு திரையைப் பார்த்தாள். வீடுகளின் பெயர்களை வாசித்தாள். பிறகு அந்தப் பெட்டியின் பெயரை வாசித்தாள். நான் அதற்கு ‘ஏன் பேசவே மாட்டேங்க’ என்று பெயர் வைத்திருந்தேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, எங்கோ பார்த்த முகத்தைத் தேடுவதுபோலப் பார்த்தாள். பிறகு நெற்றி விரிந்தது. தெரிந்துவிட்டது.

நான் காத்திருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று பல வருஷமாக வைத்திருந்தேன், வரிவரியாக. அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். எல்லார் முன்னாலும் வாய் திறந்து சொல்லியிருப்பேன். இந்தக் காரியம் எல்லாம் ஒரு நல்ல பேச்சில் முடிந்திருக்கும்.

அவள் கேட்கவில்லை. காது போனதிலிருந்து அவளுக்கு நடை கொஞ்சம் தள்ளாடுகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு, எதுவும் பேசாமல், படியிறங்கிப் போனாள்.